பந்தயக் காரும் ஒரு பழைய நண்பனும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று அனுப்புமாறு மலர்க் குழுவினர் கேட்டெழுதியபோது, தமிழாசிரியனாகிய நான் சங்கப் பாடலைப் பற்றியோ திருக்குறளைப் பற்றியோ எழுதுவேனென்று அவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பந்தயக் காரின் வரலாறு. கார் ஓட்டவும் அறியாத ஒருவன் இப்பொருளை ஏன் எடுத்தான் என்பதும், அதனை நம் கல்லூரி மலரில் ஏன் எழுதினான் என்பதும் கட்டுரையின் முடிவில் விளங்கும். அதுவரை பழைய மாணவர்களாகிய அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

இரத்தினபுரி மாவட்டத்தில், தேயிலை மலையும் றப்பர்க் காடும் அடுத்தடுத்துக் கிடக்கும் தோட்டப் பகுதியொன்றில் உள்ள தமிழ் வித்தியாலயத்தில் நான் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். 2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு ‘என்னைக் கவர்ந்த சாதனையாளர்’ என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தேன். பாரதியாரையும் விபுலாநந்த அடிகளையும் அப்துல் கலாமையும் பற்றிப் பலர் எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் நரேன் கார்த்திகேயன் என்னும் மோட்டார்ப் பந்தய வீரரைப் பற்றி எழுதியிருந்தான். அக்கட்டுரை முழுவதும் ‘கூபே’ என்றும் ‘டூரிங் கார்’ என்றும் ‘டேர்போ’ என்றும் பிறமொழிச் சொற்கள் மலிந்து கிடந்தன. அவற்றையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டேன். இரண்டு பக்கங்களைப் பார்த்ததும் பொறுமை இழந்தேன். ‘தலைப்புக்கு ஏற்ற சாதனையாளர் அல்லர்’ என்று எழுதி, இருபதுக்கு எட்டுப் புள்ளிகள் இட்டேன்.

மறுநாள் அவன் என்னிடம் வந்தான். “சேர், அவரும் தமிழ் ஆளுதானுங்களே. யப்பான்ல போயி முதலாவதா வந்திருக்காருங்க. ஏன் சேர் அது சாதனை இல்ல?” என்று பணிவாகக் கேட்டான்.

“வண்டியை வேகமாக ஓட்டுவது சாதனையன்று, தம்பி. வண்டி வாங்கப் பணம் இருப்பதும் சாதனையன்று” என்றேன். நல்ல விடை சொல்லிவிட்டதாகவே அன்று எனக்குத் தோன்றியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சென்றான்.

மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. சில மாதங்கள் கழித்துத் திறக்கப்பட்டபோது அவனுடைய இருக்கை வெறுமையாயிருந்தது. வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அவனுடைய கட்டுரைக் கொப்பி மட்டும் என் வீட்டு மேசையில் இருந்தது.

வீட்டில் அடைபட்டிருந்த அந்நாட்களில் ஒரு நாள் அக்கொப்பியை மீண்டும் எடுத்தேன். மூன்றாம் பக்கத்தை நான் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அங்கே என் சிவப்பு மை ஒரு துளியும் இல்லை. அதே பந்தயத்தில் இரு கால்களும் இல்லாத இத்தாலியர் ஒருவரும் கைகளாலேயே காரை ஓட்டினார் என்று எழுதியிருந்தான். அதன் கீழ், கட்டுரையின் கடைசி வாக்கியமாக, ‘என் அப்பாவுக்கும் வலது கால் இல்லை’ என்று இருந்தது.

அவனுடைய தந்தையார் தோட்டத்தில் உழவு இயந்திரம் ஓட்டியவர். சரிவில் வண்டி புரண்டபோது காலை இழந்தவர். இரண்டு ஆண்டுகள் என் வகுப்பில் இருந்த பிள்ளையின் வீட்டு நிலையை, அவனுடைய கட்டுரையின் கடைசி வரியைப் படித்த பின்னரே நான் விசாரித்து அறிந்தேன். அன்று முதல், அவன் எழுதிய பொருளைக் கற்பது எனக்குக் கடனாயிற்று. நான் கற்றதை இங்கே சுருக்கித் தருகின்றேன்.

முதலில் நான் வட்டமிட்ட சொல். ‘கூபே’ என்பது பிரெஞ்சு மொழியில் ‘வெட்டப்பட்டது’ எனப் பொருள்படும். குதிரை வண்டிக் காலத்தில், எதிரெதிரே இரண்டு இருக்கைகள் கொண்ட பெரிய வண்டியில் ஒரு பாதியை வெட்டிக் குறுக்கியது போன்ற சிறு வண்டிக்கு அப்பெயர் வழங்கியது. பின்னர் மோட்டார்க் காலத்தில், இரண்டு கதவுகளும் பின்புறம் தாழ்ந்து சரியும் கூரையும் உடைய கார் அப்பெயரைப் பெற்றது. காரணப்பெயருக்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ? இலக்கண வகுப்பிற் சொல்லத் தக்க ஒன்றை நான் பிழையென்று வட்டமிட்டிருந்தேன்.

‘டூரிங் கார்’ என்பது சுற்றுலாவுக்குரிய காரன்று. சக்கரங்கள் வெளியே தெரியும்படி பந்தயத்துக்கென்றே ஆக்கப்படுவன ஒருவகைக் கார்கள். மக்கள் வாங்கி வீதியில் ஓட்டும் காரைத் தழுவி அமைக்கப்படுவன மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையே டூரிங் கார் எனப்படும். ஜேர்மனியில் 1984இல் தொடங்கிய டி.ரி.எம். என்னும் பந்தயத் தொடர் இவ்வகையிற் பெயர் பெற்றது. இடையில் 1996உடன் நின்று, 2000இல் மீண்டும் தொடங்கியது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் இருபது ஆண்டுகள் விலகியிருந்து 2012இல் அத்தொடருக்குத் திரும்பி, எம்3 கூபேயின் வடிவில் அமைத்த காரினால் அவ்வாண்டே முதன்மை பெற்றது. பின்னர் அந்நிறுவனம் தன் கூபே வண்டிகளின் பெயரை மாற்றி எம்4 என்றழைத்தது. அதன் வடிவில் அமைந்த பந்தயக் காரே, என் மாணவன் எழுதிய எம்4 டி.ரி.எம்.

அக்கார் 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹொக்கன்ஹைம் ஓடுபாதையில் முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கியது. இறங்கிய முதற் பந்தயத்திலேயே மார்க்கோ விட்மன் என்னும் இளைஞரின் கையில் வெற்றி பெற்றது. அவ்வாண்டின் முதன்மையும் அவருக்கே கிடைத்தது. 2016இல் மீண்டும் கிடைத்தது. விட்மன் காருக்கு உடல் கட்டுந் தொழிலை முறையாகப் பயின்றவர் என்பதைக் கருத்திற் கொள்க. கராச்சில் வேலை பழகியவர் என்று நம்மவர் சொல்வது போன்ற ஒருவரே அவர்.

கடையில் விற்கும் எம்4க்கும் இப்பந்தயக் காருக்கும் பொதுவானது பெரும்பாலும் புறவடிவமே. உள்ளே ஓட்டுநரைச் சூழ்ந்து கரிநாரினால் ஆகிய கூடு இருக்கும். 2018 வரை அதில் எட்டு உருளைகளையுடைய நான்கு லீற்றர் இயந்திரம் இருந்தது. 2019இல் விதிகள் மாறின. இரண்டு லீற்றர்க் கொள்ளளவும் நான்கே உருளைகளும் உடைய சிறிய இயந்திரம் வந்தது. ஆனால் அதன் வலுவோ 600 குதிரைவலுவுக்கு மேற்பட்டது. வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் ஒரு சில்லு, காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளுகின்றது; காற்று மிகுந்தால் எரிபொருளை மிகுதியாக எரிக்கலாம்; அதனால் வலு பெருகுகின்றது. வீணாகும் புகையையே வேலைக்கு அமர்த்தும் இதனைத்தான் ‘டேர்போ’ என்பர். இதுவும் நான் வட்டமிட்ட சொல்லே.

விதிகளை மாற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. யப்பானில் நடைபெறும் சுப்பர் ஜி.ரி. என்னும் தொடரிலும் அப்போது கூபே வடிவக் கார்கள் ஓடின. இரு நாட்டுக் கார்களும் ஒரே களத்தில் மோதத்தக்க வகையில் விதிகள் நெருக்கமாக்கப்பட்டன. அதன் பயனாக 2019ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம், 24ஆம் நாட்களில், பூஜி மலையடிவாரத்து ஓடுபாதையில் இரு தொடரினரும் கூடி இரண்டு பந்தயங்கள் நடத்தினர். அப்பாதையின் சுற்று 4.563 கிலோமீற்றர், அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் வளைவே இல்லாத நேர்பாதை. ஞாயிற்றுக்கிழமை நடந்த இரண்டாம் பந்தயத்தில் ஹொண்டா என்.எஸ்.எக்ஸ். கூபேயின் வடிவில் அமைந்த காரை ஓட்டி முதலாவதாக வந்தவர் நரேன் கார்த்திகேயன்.

கோயம்புத்தூர்க் குடும்பத்தவரான அவர் 1977ஆம் ஆண்டு தைப்பொங்கலை ஒட்டிப் பிறந்தவர். அவருடைய தந்தையாரும் நெடுவழிப் பந்தயங்களில் வென்றவர். அதே கோவையிலே, கரிவரதன் என்பார் மாருதிக் காரின் இயந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவிற் பந்தயக் கார்களை ஆக்கி, இளைஞர் பலருக்கு வழிதிறந்தார்; 1995இல் விமான விபத்தில் இறந்தார். அத்தகைய காரில் ஶ்ரீபெரும்புதூர்ப் பாதையிலே தொடங்கிய நரேன், 2005இல் போர்முலா ஒன்று என்னும் உலகத் தொடரில் ஓடிய முதல் இந்தியரானார். ஆனால் பூஜியில் வென்றபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பந்தயக்காரருக்கு அது முதுமை. முதன்முதலாகச் சுப்பர் ஜி.ரி. தொடரில் ஓடிய ஆண்டின் இறுதியில், தம்மினும் இளையவர் பலரை முந்தினார். ‘பணம் இருப்பது சாதனையன்று’ என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் பணத்தால் மட்டும் அது கிட்டாது என்பதை நான் சொல்லாமல் விட்டேன்.

அதே ஓடுபாதையில் எம்4 டி.ரி.எம். காரொன்றை ஓட்டியவர் அலெக்ஸ் சனார்டி. 2001 செப்டெம்பரில் ஜேர்மனியில் நேர்ந்த விபத்தில் அவர் இரு கால்களையும் இழந்தார். பின்னர் கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியை ஓட்டி, 2012இல் இலண்டனிலும் 2016இல் ரியோவிலும் மாற்றுத்திறனாளருக்கான ஒலிம்பிக்கில் நான்கு பொற்பதக்கங்கள் பெற்றார். அவருக்காக எம்4 காரின் தடுப்பைக் கையாலே தள்ளும் நெம்புகோலாக மாற்றினர். வேகத்தைக் கூட்டுவதற்குச் சுக்கானோடு ஒரு வளையத்தைப் பொருத்தினர். அந்த அமைப்போடு 2018இல் இத்தாலியின் மிசானோவில் ஓடி, இரண்டாம் பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். 2020 ஜூனில் கைவண்டியில் செல்லும்போது மீண்டுங் கடுங்காயமுற்றார். எம்4 டி.ரி.எம்.மின் பந்தய வாழ்வும் அந்த 2020ஆம் ஆண்டோடு முடிந்தது. நிறுவனமொன்று விலகியமையாலும் செலவு பெருகியமையாலும் அத்தொடர் 2021 முதல் வேறுவகைக் கார்களுக்கு மாறிற்று. ஏழு ஆண்டுகள் ஓடிய கார் அது.

இவற்றையெல்லாம் கற்ற பின்னர், அவன் கொப்பியில் இருந்த ‘எட்டு’ என்னும் எண்ணை அடித்துப் ‘பதினாறு’ என்று எழுதினேன். அதை யாரிடம் காட்டுவது?

2022ஆம் ஆண்டில் நாடெங்கும் பெற்றோல் இல்லாதுபோன காலம் அனைவருக்கும் நினைவிருக்கும். பலாங்கொடைப் பகுதியில் ஒரு நிரப்பு நிலையத்தின் முன் என் மோட்டார்ச் சைக்கிளோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே நின்ற முச்சக்கர வண்டியிலிருந்து இறங்கிய இளைஞன், “சேர், நீங்களா?” என்றான். அவன்தான். நகரத்து மோட்டார்த் திருத்தகம் ஒன்றில் வேலை செய்வதாகச் சொன்னான். வரிசை பகல் முழுவதும் நகரவில்லை. வாழ்க்கையில் ஒரு மாணவனோடு நான் மிக நீண்டநேரம் பேசியது அந்நாளிலேதான்.

நான் முதலில் என் தவற்றைச் சொன்னேன். அவன் நாணத்தோடு சிரித்து, “அது பரவால்லீங்க சேர், எழுத்துப் பிழையும் நெறைய இருந்திச்சு” என்றான். பின்னர் பெற்றோல் இன்மையைப் பற்றிப் பேச்சு வந்தது. யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்திற் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்றேன். அவன் கண்கள் விரிந்தன.

இங்கே நம் கல்லூரிக்கு வருகின்றேன். 1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் அரிது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய முதிய கார்கள் மண்ணெண்ணெயைக் குடித்து, வெண்புகை கக்கிக்கொண்டு ஓடின. என் வகுப்பு நண்பன் ஒருவனின் தந்தையார் அத்தகைய ஏ40 ஒன்றை வாடகைக்கு ஓட்டினார். நண்பன் பாடத்திற் பின்தங்கியவன். ஆனால் கல்லூரி வாயிலால் ஒரு கார் போனால், முகத்தைத் திருப்பாமலே, “கேளடா, மூண்டாவது சிலிண்டர் பிடிக்கேல்லை” என்பான். ஒரு நாள் கணக்குப் பாட வேளையில் அவன் விடை தெரியாது நின்றபோது, “கராச்சுக்குத்தான் நீ சரி” என்று ஒருவர் சொல்ல, வகுப்பே சிரித்தது. எல்லாரினும் உரக்கச் சிரித்தவன் நானே.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு. வலிகாமத்து மக்கள் எல்லாரும் வீடுகளை விட்டு, மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை நம் தலைமுறையினர் மறக்கமாட்டார்கள். நடக்க இயலாத என் பாட்டியாரை என் தந்தையாரும் நானும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு சென்றோம். கூட்டத்தின் நடுவே அந்த ஏ40 ஊர்ந்து வந்தது. நண்பன் அதன் அருகே நடந்து வந்தான். “ஆச்சியை இதுக்குள்ளை விடடா” என்றான். முன்னரே மூன்று முதியவர்கள் உள்ளே இருந்தனர். நாலடி நகர்ந்தால் கார் நிற்கும். நின்றால் இயந்திரம் அணையும். ஒவ்வொரு முறையும் அவன் மூடியைத் திறந்து, மடியில் மறைத்து வைத்திருந்த சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு, மீண்டும் இயக்குவான். பொழுது விடிந்து நெடுநேரத்தின் பின் சாவகச்சேரியை அடைந்தோம். நடந்துபோனவர்களினும் அந்தக் கார் விரைந்து சென்றதில்லை. ஆனால் என் பாட்டியார் உயிரோடு போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சந்தடியில் நான் அவனுக்கு ஒரு சொல் நன்றியுஞ் சொல்லவில்லை. அதன்பின் அவனைக் காணவுமில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாணவன் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அது ஏன் ஓடிச்சின்னு தெரியுங்களா சேர்?” என்றான். “மண்ணெண்ண குளிர்ல ஆவியாகாதுங்க. அதனாலதான் மொதல்ல பெற்றோல் விட்டிருக்காங்க. இஞ்ஜின் சூடானாப் பெறகு மண்ணெண்ண பிடிச்சுக்கும். பழைய இஞ்ஜின்ல அமுக்கம் கொறைவு, அதனால தாங்கிச்சு. இந்தக் காலத்துக் காருக்கு ஊத்தினா, தட்டித் தட்டியே ஒடைஞ்சிரும். உங்க கூட்டாளி பெரிய ஆளுங்க சேர்.”

இருபத்தேழு ஆண்டுகளாக நான் ஒரு நினைவாக மட்டுமே வைத்திருந்ததன் காரணத்தை, எட்டுப் புள்ளி பெற்ற பிள்ளை எனக்குக் கற்பித்தான்.

பின்னர் அவன் தன் முச்சக்கர வண்டியைக் காட்டினான். அவ்வண்டியில் வேகமும் கியரும் கையாலேயே இயங்குவன. தடுப்பு ஒன்றே வலக்காலால் மிதிப்பது. அவன் அந்த மிதியோடு ஓர் இரும்புத் தண்டைப் பற்றவைத்து, இடக்காலுக்கு எட்டுமாறு ஒரு மிதியை நீட்டியிருந்தான். “அப்பாவுக்குங்க சேர். தோட்டத்து வெளயாட்டு மைதானத்துல மட்டும் ஓட்டிப் பாத்தோம். எழுத்துல அனுமதி வாங்காம ரோட்டுல எறக்கமாட்டேன்” என்றான். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதித் தருமாறு கேட்டான். நான் எழுதிக்கொடுக்கவில்லை. அவனையே எழுதச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தான். எது மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது, பழுதானால் என்ன நேரும், அதற்கு என்ன காப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பக்கத்தில் எழுதியிருந்தான். நான் ஓர் எழுத்துப் பிழையையும் ஒரு சந்திப் பிழையையும் திருத்தினேன். வேறு திருத்தம் வேண்டியிருக்கவில்லை. பழைய கொப்பியையும் அன்று அவனிடம் கொடுத்தேன். புள்ளியைப் பார்த்துவிட்டு, “இருவதுக்கு இன்னும் நாலு குறையுதே சேர்” என்றான்.

அனுமதி எளிதிற் கிடைக்கவில்லை. ஒருமுறை திருப்பியனுப்பினார்கள், மாற்றத்தைப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சான்றளிக்க வேண்டுமென்றார்கள். அதுவும் நியாயமே. அவ்வழியில் அவன் இன்னும் முயன்று வருகின்றான்.

தோட்டப் பாதைக்கும் பந்தயத்துக்கும் தொடர்பில்லை என்று ஒருகால் நான் எண்ணியிருந்தேன். நுவரெலியாவுக்கு அண்மையில் மஹாகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது தேயிலைத் தோட்டப் பாதையிலேதான். அப்பாதைகளை வெட்டியவர்கள் நம் தோட்ட மக்களின் முன்னோர். இறக்குவானையிலிருந்து சூரியகந்தைக்கு ஏறும் பத்துக் கொண்டையூசி வளைவுகளில், கொழுந்து லொறியை இறக்கும் சாரதிகளின் கைத்திறனை நான் நாள்தோறும் பார்த்தும் பார்க்காதவனாய் இருந்திருக்கிறேன்.

பழைய மாணவர் சங்கத்தினருக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியிற் பரிசளிப்பு விழாக்களில் தமிழுக்கும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பரிசுகள் உண்டு. யூபிலி ஆண்டின் நினைவாக, கைவினைத் திறனுக்கு ஒரு பரிசை ஏற்படுத்தலாகாதா? பொருளொன்றைத் தன் கையாற் செய்து, அது எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் விளக்கும் மாணவனுக்கு அது உரியதாகட்டும். என் சிறு பங்கை இம்மலர்க் கட்டுரையோடு அனுப்பியுள்ளேன்.

இறுதியாக, இம்மலர் கடல் கடந்த நாடுகளுக்கும் போகுமென்று அறிகின்றேன். எங்கேனும் ஒரு நாட்டில், மூடி திறந்த காரொன்றின் அருகில் நின்று இதனைப் படிக்கும் நண்பனே, நீ நலமா? ஆச்சி அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். உன் பெயரைச் சொல்லிச் சொல்லியே இருந்தார். அன்று வகுப்பிற் சிரித்ததற்கு மன்னிப்பும், அன்றிரவு சொல்லாது விட்ட நன்றியும் இத்துடன் வருகின்றன. முகவரியைச் சங்கச் செயலாளரிடம் பெற்று, இரண்டு வரி எழுதுவாயாக.